டால்பின் காட்சிக்கு அனுமதி இல்லை: ஒரு சுற்றறிக்கை பிறந்த கதை

2013 மே 17ஆம் தேதி மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் டெல்லியிலிருந்து மாநில அரசுகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஆணையத்தின் உறுப்பினர் செயலர் பி.எஸ். போனல் கையெழுத்துப் போட்டிருந்தார். டால்பின், திமிங்கில வகை உயிர்களைப் பிடித்தோ இறக்குமதி செய்தோ கேளிக்கைக்கும் காட்சிக்கும் வைத்துக்கொள்ள யார் அனுமதி கேட்டு வந்தாலும் மறுத்துவிடுங்கள், கேட்பவர் தனியாராக இருந்தாலும் சரி, அரசு நிறுவனமாகவே இருந்தாலும் சரி என்பது அதன் சாரம். அரசு அலுவலகங்களில் தினமும் வந்து குவியும் தாள்களோடு தாளாக அதுவும் காணாமல் போயிருக்கலாம். போகவில்லை. டால்பின் மூக்கு நுனியில் பந்தைச் சுழற்றுவதையும் வளையத்துக்குள் தாவுவதையும் காசு கொடுத்துப் பார்க்க இந்தியாவில் இன்று ஓர் இடம்கூட இல்லை. அந்த ஆசை உள்ளவர்கள் துபாய்க்கோ பாங்காக்குக்கோதான் விமானம் ஏற வேண்டும்.

இந்தத் தாள் டெல்லியில் அச்சானது என்றாலும் அதன் வேர்களில் இரண்டு சென்னையில் இருக்கின்றன. ஒன்று திருவான்மியூரில். மற்றொன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில். முதலாவது நாம் பெருமைப்பட வேண்டியது. இரண்டாவதை நாம் கிட்டத்தட்ட மறந்தே போனோம்.

ருக்மிணி தேவி அருண்டேலைத் திருவான்மியூர் கலாக்ஷேத்ராவின் நிறுவனராகவே பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். 1952இல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராகப் போன அவர், அங்கே ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். நடனத்துக்கும் கலைக்கும் அதில் சம்பந்தம் இல்லை. விலங்குகளை வதைப்பதைத் தடுப்பதற்கான மசோதா அது. அப்போது நடப்பில் இருந்தது 1890இல் ஆங்கிலேயர் போட்ட சட்டம். நேரு எழுந்து, இதை அரசே எடுத்துச் செய்யும், ஒரு குழு அமைப்போம் என்று உறுதி சொன்ன பிறகு ருக்மிணி தேவி மசோதாவைத் திரும்பப் பெற்றார். குழுவுக்குத் தலைவரும் அவரேதான். அந்த வழியில் வந்ததுதான் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். 1962இல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரானார். 1986இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். நாடு முழுமைக்கும் உரிய அந்த வாரியம் பல பத்தாண்டுகள் சென்னையிலிருந்தே இயங்கியது.

அந்தச் சட்டத்தின் ஐந்தாம் அத்தியாயம் வித்தை காட்டப் பழக்கும் விலங்குகளைப் பற்றியது. அதில் 22ஆம் பிரிவு ஒரு வலுவான கருவி. எந்த விலங்கைக் காட்சிப்படுத்தவும் பழக்கவும் கூடாது என்று மத்திய அரசு நினைக்கிறதோ, அதன் பெயரை அரசிதழில் வெளியிட்டாலே போதும். அதோடு அந்த விலங்கின் காட்சிக்கு முற்றுப்புள்ளி. 1998 அக்டோபர் 14இல் அந்தக் கருவியை அரசு எடுத்துக் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் என்று ஐந்து பெயர்களை அறிவித்தது. சர்க்கஸ்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2000இல் கேரள உயர் நீதிமன்றமும் 2001 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அரசு செய்தது சரிதான் என்றன. ஊர் ஊராகக் கூடாரம் போட்ட சர்க்கஸ்களிலிருந்து சிங்கமும் புலியும் மறைந்தது அப்படித்தான்.

அந்த ஐந்து பெயர்களில் டால்பின் இல்லை. யாரும் அதை நினைக்கவில்லை. இங்கே டால்பினை வைத்து யார் சர்க்கஸ் நடத்தினார்கள்? ஆனால் அதே 1998இல்தான் சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில் 'டால்பின் சிட்டி' என்ற கேளிக்கைப் பூங்கா திறந்தது. பல்கேரியாவிலிருந்து டால்பின்களை வரவழைத்திருந்தார்கள். பல்கேரியாவின் கருங்கடல் நகரமான வார்னாவில் 1984 முதல் டால்பின் அரங்கம் நடந்துவருகிறது. கூண்டு வாழ்க்கைக்குப் பழக்கிய டால்பின் அந்த நாட்டில் கிடைக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலை அப்போதுதான் கேளிக்கைப் பூங்காக்களின் சாலையாக மாறிக்கொண்டிருந்தது. டால்பின் அதற்கு முன் இல்லாத கவர்ச்சி.

வந்த டால்பின்கள் ஆறு மாதங்களுக்குள் இறந்துபோயின.

பத்திரிகைகளில் செய்தி வந்தது, கொஞ்ச நாள் பேசினோம், பிறகு மறந்துவிட்டோம். சாலைக்கு மறுபக்கம் வங்காள விரிகுடா. மீன் பிடிக்கப் போகிறவர்கள் விடிகாலையில் ஓங்கில் என்ற டால்பின் கூட்டம் படகுக்கு முன்னால் துள்ளிப் போவதைக் கட்டணம் இல்லாமல் பார்த்துவிட்டு வரும் கடல். அதன் கரையிலேயே பல்கேரியாவிலிருந்து கொண்டுவந்த டால்பின்கள் தொட்டித் தண்ணீரில் செத்தன. இதை இன்று எழுதும்போதும் மனம் ஒப்பவில்லை.

தொட்டிக்குள் டால்பின் ஏன் தாங்குவதில்லை என்று கேட்டால், அதன் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். டால்பின் பார்ப்பதைவிடக் கேட்டுத்தான் அதிகம் அறிகிறது. தலையிலிருந்து 'டிக் டிக்' என்று ஒலித்துடிப்புகளை அனுப்பி, எதிரில் இருப்பதில் பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்து மீன் எங்கே, பாறை எங்கே, அருகில் வருவது யார் என்று தெரிந்துகொள்கிறது. கடலில் அந்த ஒலி தூரத்தில் கரைந்துவிடும். கான்கிரீட் சுவர்கள் அதைத் திருப்பித் திருப்பி அடிக்கும். தண்ணீரைச் சுத்திகரிக்கும் மோட்டார்கள் இரவு பகலாக ஓடும் சத்தம் வேறு. சுற்றி உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்காக ஒலிபெருக்கியில் போடும் பாட்டு வேறு. தண்ணீரில் கலக்கும் குளோரின் கண்ணையும் தோலையும் பதம் பார்க்கும். ஒரு நாளில் பல பத்து கிலோமீட்டர் நீந்தும் உயிருக்கு, வாலை நாலு முறை அடித்தால் எதிர்ச்சுவர் வந்துவிடும்.

சாப்பாட்டு விஷயம் இன்னும் கவனிக்கத் தக்கது. கடலில் டால்பின் உயிரோடு இருக்கும் மீனைத் துரத்திப் பிடிக்கிறது. தனக்கு வேண்டிய தண்ணீரையும் பெரும்பாலும் அந்த மீனின் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. தொட்டியில் அதற்குக் கிடைப்பது உறையவைத்து உருக்கிய மீன். உறைந்து உருகும்போது மீனில் இருக்கும் நீரும் சில வைட்டமின்களும் குறைந்துபோகும். அதனால் பழக்குபவர் வாளியிலிருந்து ஒரு மீனை எடுத்து, செவுளை விரலால் விலக்கி, உள்ளே வைட்டமின் மாத்திரையைச் செருகி, அந்த மீனை முதலில் கொடுப்பார். வயிற்றுப்புண் இருந்தால் அதற்கான மருந்தும் அதே செவுள் வழியாகத்தான் போகும். பார்வையாளர் கண்ணுக்கு அது விசிலுக்கு ஒரு மீன், தாவலுக்கு ஒரு மீன் என்று அன்பாகக் கொடுக்கும் பரிசு. ஆனால் அந்தப் பரிசுதான் அதன் மொத்தச் சாப்பாடு. விசில் கேட்டு நடக்கும் பாடம் முழுவதும் பசியின் மேல்தான் நிற்கிறது.

சிரிக்கிறதே என்பார்கள். டால்பினின் வாயோரம் பிறவியிலேயே மேல்நோக்கி வளைந்தது. நோயில் கிடந்தாலும், செத்த பிறகும், அது அப்படியேதான் இருக்கும்.

காசு வாங்கிக்கொண்டு கடல் பாலூட்டியைக் காட்டும் தொழிலுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வயது. 1861இல் நியூயார்க்கில் பி.டி. பார்னம் என்ற காட்சிக்காரர் கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்று முகத்திலிருந்து வெள்ளைத் திமிங்கிலங்களைப் பிடித்துவரச் செய்து தன் அருங்காட்சியகத்தின் நிலவறைத் தொட்டியில் விட்டார். அவை சில நாட்களில் இறந்தன. மறுபடியும் பிடித்துவரச் சொன்னார். செத்தால் இன்னொன்று என்ற இந்தக் கணக்கு அந்தத் தொழிலை விட்டு அதன்பின் நீங்கவேயில்லை.

நாம் இன்று பார்க்கும் வடிவம் ஃபுளோரிடாவில் உருவானது. 1938 ஜூனில் அங்கே 'மரைன் ஸ்டூடியோஸ்' திறந்தது. நீருக்கடியில் சினிமாக் காட்சிகள் எடுக்கத்தான் அதைக் கட்டினார்கள். கட்டியவர்களில் ஒருவர் லியோ டால்ஸ்டாயின் பேரன் இலியா டால்ஸ்டாய். கேமராவுக்காகக் கொண்டுவந்த டால்பின்களைப் பார்க்கவே கூட்டம் குவிந்தது. பதினைந்து ஆண்டுகளுக்குள் பழக்கிய டால்பினின் வித்தை அங்கே வழக்கமான காட்சியாகிவிட்டது. 1963இல் 'ஃபிளிப்பர்' படமும் அடுத்த ஆண்டு அதே பெயரில் தொலைக்காட்சித் தொடரும் வந்தன. உலகம் முழுவதும் பிள்ளைகள் டால்பின் மேல் ஆசைப்பட்டார்கள். அந்த ஆசையை நம்பி ஊர் ஊராகத் தொட்டிகள் கட்டப்பட்டன.

அந்தத் தொடரின் டால்பின்களைப் பழக்கியவர் ரிக் ஓ'பாரி. ஃபிளிப்பராக அதிகம் நடித்தது கேத்தி என்ற பெண் டால்பின். தொடர் முடிந்த பிறகு 1970இல் கேத்தி அவர் கையிலேயே இறந்தது. நம்மைப் போல மூச்சு தானாக ஓடிக்கொண்டிருக்கும் உயிரல்ல டால்பின். ஒவ்வொரு மூச்சையும் நினைத்துத்தான் எடுக்கிறது. அதனால்தான் மூளையின் ஒரு பாதி தூங்கும்போது மறுபாதி விழித்திருக்கிறது. கேத்தி தன்னைப் பார்த்தபடியே அடுத்த மூச்சை எடுக்காமல் விட்டுவிட்டது என்று ஓ'பாரி இன்றுவரை சொல்லிவருகிறார். அது உயிரை விடத் தீர்மானித்ததா என்பதை யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த வாரமே பஹாமாஸ் தீவுகளில் அடைபட்டிருந்த ஒரு டால்பினைத் திறந்துவிட முயன்று அவர் கைதானார். தொழிலைக் கட்டியெழுப்பிய கைகளில் ஒன்றே அதை எதிர்க்கத் தொடங்கியது அங்கேதான். அதன் பிறகான தன் வாழ்நாளை அவர் அதற்கே கொடுத்துவருகிறார்.

கூட்டத்தை விட்டுப் பிரித்துவந்தால் டால்பினுக்கு என்ன ஆகும் என்று புரிந்துகொள்ள ஃபுளோரிடா வரை போக வேண்டாம். 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் திருச்செந்தூரை அடுத்த மணப்பாடு கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. பெயரில் திமிங்கிலம் என்றிருந்தாலும் இவை டால்பின் குடும்பத்தைச் சேர்ந்தவை. மீனவர்கள் இரவோடு இரவாக இறங்கினார்கள். கயிறு கட்டிப் படகில் இழுத்து ஆழத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். விடப்பட்டவற்றில் பல திரும்பிக் கரைக்கே வந்தன. கரையில் கிடந்த தங்கள் கூட்டத்தை விட்டுப்போக அவற்றால் முடியவில்லை. நாற்பதுக்கும் மேல் இறந்தன. 1973 ஜனவரியிலும் இதே கரையில் இதே வகைத் திமிங்கிலங்கள் கூட்டமாக ஒதுங்கி இறந்திருக்கின்றன. மணப்பாட்டு மீனவர் ஒருவரிடம், இந்த உயிரில் ஒன்றை மட்டும் பிரித்து ஒரு தொட்டியில் போட்டால் அது எப்படி இருக்கும் என்று கேட்டால் அவருக்கு ஆராய்ச்சிக் கட்டுரை தேவைப்படாது.

ஆராய்ச்சியும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. 2001இல் டயானா ரைஸ், லோரி மரினோ என்ற இரு ஆய்வாளர்கள், நியூயார்க் மீன் காட்சியகத்து டால்பின்கள் கண்ணாடியில் தெரிவது தாங்களே என்று அறிகின்றன எனக் காட்டினார்கள். உடம்பில் மை தடவினால் கண்ணாடி முன் போய் அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தன. ஒவ்வொரு டால்பினுக்கும் தனக்கே உரிய ஒரு சீழ்க்கை உண்டு என்பது 1960களிலேயே தெரிந்தது. மற்றொரு டால்பின் அந்தச் சீழ்க்கையை எழுப்பினால், பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல அது பதில் தருகிறது என்பதையும் பிறகு கண்டார்கள். 2010இல் ஹெல்சிங்கியில் கூடிய அறிஞர்கள் திமிங்கிலங்களுக்கும் டால்பின்களுக்கும் வாழவும் அடைபடாதிருக்கவும் உரிமை உண்டு என்று ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள்.

கடல் பாலூட்டியை அடைத்து வைத்த வரலாறு தமிழ்நாட்டில் 'டால்பின் சிட்டி'க்கு முன்பும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். 1959இல் மண்டபத்தில் இருந்த மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு ஜோடி கடற்பசுக்களைத் தொட்டியில் வைத்து வளர்க்கத் தொடங்கினார்கள். மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் அதே கடற்பசு. நிலையத்தின் இயக்குநர் எஸ். ஜோன்ஸ் அவற்றைக் கவனித்து எழுதினார். கடற்புல்லைக் கொண்டுவந்து போட்டு ஏறக்குறைய பத்தாண்டுகள் அவற்றைக் காப்பாற்றினார்கள். ராமநாதபுரம் கரையில் கடற்பசுவைக் கறிக்காக விற்ற காலம் அது. அந்த விலங்கைப் பற்றி எழுதப்பட்ட அறிவு மிகக் குறைவு. அன்றைக்கு அந்தத் தொட்டிக்கு ஒரு நியாயம் இருந்தது என்று நினைக்கிறேன். இன்றைக்கு அந்த நியாயமும் இல்லை. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. கடற்பசு இருக்கும் இடத்திலேயே அதைக் காப்பது, தேவையானால் அங்கே போய் அறிந்துகொள்வது என்று நாம் வந்து சேர்ந்திருக்கிறோம்.

பார்க்க ஆசைப்படுவது குற்றமே இல்லை. பார்ப்பதற்காக அந்த உயிரை நம்மிடம் கொண்டுவருவதா, நாம் அதனிடம் போவதா என்பதுதான் கேள்வி. கடலே கண்ணில் படாத கொல்லிமலையில் இதற்குப் பழைய பதில் ஒன்று இருக்கிறது. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் அறப்பளீசுவரர் கோயில். பக்கத்தில் ஓடும் ஐயாறுதான் சற்றுத் தள்ளி ஆகாய கங்கை அருவியாக விழுகிறது. ஆற்றின் மீன்களைச் சிவனாகவே கருதி உணவு போட்டு வணங்குவார்கள், பிடிக்க மாட்டார்கள். ஒருமுறை யாரோ அந்த மீன்களைப் பிடித்து அறுத்துக் குழம்பு வைத்தார்களாம். கொதிக்கும் சட்டியிலிருந்து துண்டுகள் ஒன்றுசேர்ந்து உயிர்பெற்று ஆற்றுக்கே தாவிவிட்டனவாம். அறுத்த மீனைப் பொருத்திய அறப்பளீசுவரர் என்று அவருக்குப் பெயர். இது சாதுவான மலை என்று நினைத்துவிடக் கூடாது. யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் ஒரே அம்பில் வீழ்த்தியதாகப் புறநானூறு கொண்டாடும் வல்வில் ஓரியின் மலை அது. செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது. வேட்டையைப் போற்றிய மக்களே, இந்த ஆற்றில் இந்த உயிரைத் தொடுவதில்லை என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். மீன் ஆற்றில்தான் இருக்கும், பொரியோடு நாம் படியிறங்கிப் போக வேண்டும். வெள்ளம் வந்து மீன் கண்ணில் படாத நாளில் வந்தவர்கள் பார்க்காமல் திரும்புவார்கள். அவ்வளவுதான்.

'டால்பின் சிட்டி'க்குப் பிறகு பதினைந்து ஆண்டுகள் கழித்து இந்தியாவில் இந்த ஆசை மறுபடி தலைதூக்கியது. 2012, 2013இல் டெல்லி, மும்பை, கொச்சி என்று பல இடங்களில் டால்பின் பூங்கா அமைக்கும் பேச்சு எழுந்தது. மகாராஷ்டிரச் சுற்றுலாத் துறைக்கும் சிந்துதுர்க் மாவட்டக் கடற்கரையில் பெரிய திட்டம் இருந்தது. முன்பு ஒரு தனிப் பூங்கா. இப்போது அரசுகளே ஆர்வம் காட்டின. இந்திய விலங்குப் பாதுகாப்பு அமைப்புகளின் கூட்டமைப்பு எதிர்ப்பு இயக்கம் தொடங்கியது. கொச்சியில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் கையில் இந்திய மண்ணிலிருந்தே எடுத்துக்காட்ட ஓர் உதாரணம் இருந்தது: ஆறு மாதத்தில் முடிந்துபோன சென்னை டால்பின்கள். 1998இல் நாம் மறந்த சாவுகள் 2013இல் சாட்சி சொன்னன.

ருக்மிணி தேவி அமைத்த விலங்கு நல வாரியம், டால்பின்களை வித்தைக்குப் பழக்குவது சட்டத்துக்குப் பொருந்தாது என்று அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது. சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தவர் தமிழ்நாட்டின் ஜெயந்தி நடராஜன். 2009இல்தான் கங்கை டால்பினை நாட்டின் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்திருந்தார்கள். ஆற்றில் இருக்கும் டால்பினைத் தேசியச் சின்னமாக்கிவிட்டு, கடலில் இருக்கும் அதன் உறவினரைத் தொட்டியில் ஆடவிடுவது எப்படிப் பொருந்தும்? மே மாதம் சுற்றறிக்கை வந்தது.

அதில் சொல்லப்பட்ட காரணங்களைத்தான் நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். இவை அடைத்து வைத்தால் சரியாகப் பிழைப்பதில்லை, நடத்தை மாறிக் கடும் துயரத்துக்கு ஆளாகின்றன என்பது ஒரு காரணம். அது எதிர்பார்த்ததுதான். வதைத் தடுப்புச் சட்டம் இருநூறு ஆண்டுகளாக உலகெங்கும் பேசும் மொழி வலியின் மொழி: சாட்டை இருக்கிறதா, கூண்டு போதுமான அளவா, தீனி வைத்தார்களா. அந்த மொழியில் பேசினால் தொட்டிக்காரருக்கும் பதில் இருக்கிறது. தொட்டியைப் பெரிதாக்குகிறேன், நல்ல கால்நடை மருத்துவரை வைக்கிறேன், மீனைக் கூட்டுகிறேன் என்பார். சுற்றறிக்கை அதற்கு மேலும் ஓர் அடி வைத்தது. இவ்வளவு அறிவும் உணர்வும் உள்ள உயிரைக் கேளிக்கைக்காக அடைத்து வைப்பது அறத்துக்கு ஏற்றதல்ல என்ற வாதத்தை அரசுத் தாளிலேயே எழுதியது. தொட்டி எவ்வளவு பெரிது என்ற கேள்வி அங்கே செல்லாது. தங்கத்தில் தொட்டி கட்டினாலும் பதில் ஒன்றுதான்.

வெளிநாட்டு ஊடகங்கள் இதை, டால்பினை மனிதரல்லாத ஆள் என்று இந்தியா அறிவித்துவிட்டது என ஊதிப் பெருக்கின. இன்றும் அது சமூக ஊடகங்களில் சுற்றுகிறது. அப்படி எந்த அறிவிப்பும் இல்லை. டால்பினை அவ்வாறு கருத வேண்டும் என விஞ்ஞானிகள் சிலர் சொல்கிறார்கள் என்று சுற்றறிக்கை எடுத்துச்சொன்னதே தவிர, சட்டத்தில் எந்த ஆளுமையும் டால்பினுக்குத் தரவில்லை. உள்ளதைச் சொன்னாலே அது போதிய அளவு பெரிய செயல். கோஸ்டாரிகா, சிலி போன்ற சில நாடுகளே நமக்கு முன் தடை போட்டிருந்தன. கனடா 2019இலும் பிரான்ஸ் 2021இலும்தான் சட்டம் போட்டன. அமெரிக்காவில், பழக்குபவர் ஒருவரைத் திலிக்கும் என்ற ஓர்க்கா திமிங்கிலம் 2010இல் கொன்ற பிறகும், 'பிளாக்ஃபிஷ்' ஆவணப்படம் 2013இல் உலகை உலுக்கிய பிறகும், சீவேர்ல்ட் நிறுவனம் ஓர்க்காக்களின் இனப்பெருக்கத்தை மட்டும் 2016இல் நிறுத்த ஒப்புக்கொண்டது. இருக்கும் ஓர்க்காக்கள் தொட்டியில்தான்.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும். 2011இல் அதே 22ஆம் பிரிவுப் பட்டியலில் காளையைச் சேர்த்துத்தானே ஜல்லிக்கட்டுக்கு வினை வைத்தார்கள், இன்று டால்பின் என்பவர்கள் நாளை எதையும் சொல்வார்களே என்று. காளையைப் பற்றி ஒருவருக்கு எந்தக் கருத்தும் இருக்கட்டும். காளை மனிதரோடு பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்த விலங்கு. வீட்டுத் தொழுவத்தில் பிறந்து, களத்திலிருந்து மாலையில் அதே தொழுவத்துக்குத் திரும்புகிறது. காட்சி முடிந்த டால்பினுக்குத் திரும்பிப் போக வீடில்லை. வித்தை காட்டிய அதே தொட்டியில்தான் இரவும்.

பிறந்த கதை இதுவரை. பிறந்தது இன்னும் முழுதாக வளரவில்லை என்பதுதான் என் கவலை. சுற்றறிக்கை சட்டமல்ல. இன்னொரு அரசு, சுற்றுலா வருமானத்தைக் காட்டி இன்னொரு சுற்றறிக்கையால் இதை எடுத்துவிடலாம். அது பேசுவதும் டால்பின், திமிங்கில வகைகளைப் பற்றி மட்டுமே. சொன்னால் கைதட்டும், பந்தைத் தாங்கும் கடற்சிங்கம் அதில் வரவில்லை. கடற்சிங்கமும் கடல் பாலூட்டிதான். அதையும் இதே விசிலும் இதே வாளி மீனும் கொண்டுதான் பழக்குகிறார்கள்.

கரடியும் குரங்கும் புலியும் சிறுத்தையும் சிங்கமும் இருக்கும் அந்த அரசிதழ்ப் பட்டியலில் கடல் பாலூட்டிகள் என்று சேர்த்துவிட்டால் இரண்டு குறையும் தீரும். நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை, புதுச் சட்டம் வேண்டியதில்லை. விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் பொறுப்பு 2019இல் சுற்றுச்சூழல் அமைச்சகத்திடமிருந்து கால்நடைத் துறைக்குப் போய்விட்டது. கோரிக்கை மனுவை எழுதுகிறவர்கள் அந்த முகவரிக்கு எழுத வேண்டும். புதிய டால்பின் பூங்காவுக்கு யாராவது நிலம் கேட்டு வருவதற்கு முன்பே எழுத வேண்டும்.